கடைசிக் கிணறு

கண்ணாடிக் குழாயின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் குடுவையில் விழுந்துகொண்டிருந்தது.

குழாய்க்குள், காயவைத்து நொறுக்கிய கடற்பாசி. தண்ணீரில் கலந்திருக்கும் ஈயத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஒவ்வொரு பிடி பாசியை அடைக்கும்போதும் நீர்ப் பரிசோதகர் உதட்டுக்குள் ஒரு பிரார்த்தனையை முணுமுணுப்பார். பாசியைக் கட்டிக்கொண்டவர் என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். ஒரு வருடமாக அவர் ஒருநாள் விடுப்பு எடுத்ததில்லை.

எதிரே, கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கக் கொண்டு வந்திருந்த பெண் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பேட்டரி ஆலைக்குப் பின்னால் அவள் வீடு. போன வருடம் ஏழு வயது மகள் போய்ச் சேர்ந்த பிறகுதான் வீட்டுக் கிணற்றில் ஈயம் இருப்பது தெரிந்தது.

கருவி எண்ணைக் காட்டியது. அவர் மூன்று தடவை சரிபார்த்து, முடிவைத் தாளில் எழுதத் தொடங்கினார்.

"வடிகட்டின தண்ணியில ஈயம் துளிகூட இல்லம்மா. இனிமே இப்படி வடிகட்டித் தைரியமா குடிக்கலாம்."

அவள் முகம் மலரவில்லை. குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணா, அந்தக் கிணறு எங்க வீட்டுக்காரர் தன் கையால தோண்டினது. 'எம்புள்ளைக்கு நானே விஷம் ஊத்திட்டேன்'னு சாப்பாட்டையே விட்டுட்டார் மனுஷன். இந்தத் தாள்ல தேதிய மட்டும் போன வருஷம்னு போட்டுக் குடுங்கண்ணா. புள்ளைக்கு வந்தது வேற நோய்னு நெனச்சாவது ஒரு வாய் சாப்பிடட்டும்."

பேனா அப்படியே நின்றது.

பொய் எழுதத் தயங்குகிறார் என்று நினைத்து அவள் கைகூப்பினாள்.

அவர் எழுந்துபோய் இரும்பு அலமாரியைத் திறந்தார். பழைய கட்டு ஒன்றைப் பிரித்து, ஒரு தாளை உருவி அவளிடம் நீட்டினார்.

தெருவாரியாக இருபத்திரண்டு கிணறுகள். கடைசி வரியில் அவள் வீட்டு எண். 'ஈயம் இல்லை.' கீழே அவருடைய கையெழுத்து. தேதி, மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாட்களில் ஒன்று.

அவள் அதை இரண்டு முறை வாசித்தாள். ஒரு வருடத்தில் முதன்முறையாக அவள் மூச்சு சீராக வந்தது.

"அப்பவே வந்து பாத்தீங்களாண்ணா?"

தலையை ஆட்டினால் போதும். அவள் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவாள்.

குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று.

"அவர்கிட்ட இத அவசியம் காட்டுங்கம்மா. தப்பு அவரோடது இல்லன்னு சொல்லுங்க," என்றார் அவர். "அன்னைக்கு மழை வர்ற மாதிரி இருந்துச்சு. உங்க வீட்டுக்கு நான் வரவே இல்ல."