எல்லோரும் முதலாளி

"பயப்படாதீங்க, ஆளை உள்ள தள்ளிப் பூட்டிட்டேன்!"

பேக்கரியின் குளிர் அறைக் கதவில் முதுகைச் சாய்த்து நின்ற நீலச்சட்டைக்காரர் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினார். கதவுக்குப் பின்னாலிருந்து தொம் தொம் என்று சத்தம் வந்தது. ஒரு சாண் கனமுள்ள கதவு என்பதால் குத்துதான் கேட்டது, குரல் கேட்கவில்லை.

கடையின் அபாய மணி கைப்பேசிகளில் அடித்ததும் ஏழெட்டு முதலாளிகள் போட்டது போட்டபடி ஓடி வந்திருந்தார்கள்.

முதலாளிகள் என்றால், தெருவே முதலாளிதான். போன வருஷம் பேக்கரிக்காரர் அக்கா மகன் பேச்சைக் கேட்டு, கடையைப் பிளாக்செயின் என்ற கணினிப் பதிவேட்டில் ஏற்றி, டோக்கன் டோக்கனாகப் பங்கு பிரித்து வாடிக்கையாளர்களுக்கே விற்றுவிட்டார். அன்றிலிருந்து பன்னுக்கு மேலே எள் தூவலாமா என்பதற்குக்கூடக் கைப்பேசியில் ஓட்டு. திரையில் 'பன் பிரியன்', 'கிரீம் ராணி' என்று பட்டப்பெயர்கள் மட்டும்தான் தெரியும். பக்கத்தில் நிற்கும் சக முதலாளி யார் என்று எந்த முதலாளிக்கும் தெரியாது.

நடுவில் யாரோ கேக்கைத் தின்றுவிட்டுக் கமுக்கமாக இருந்ததால், குளிர் அறைக்கும் கல்லாவுக்கும் ஓட்டுப் பூட்டு போட்டார்கள். பூட்ட ஒரு விரல் போதும். திறக்க வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு முதலாளிகள் கைப்பேசியில் 'சரி' சொல்ல வேண்டும்.

"மாமாவுக்கு அடிச்சுப் பாத்தேன், போகல" என்றான் அக்கா மகன். "மதியம் கடையைச் சாத்திட்டுத் தூங்குற நேரம். போனை அணைச்சு வச்சிருப்பாரு."

"கடையே கொள்ளை போனாலும் அந்த மனுஷன் குறட்டைதான் விடுவாரு" என்று டியூஷன் வாத்தியார் அலுத்துக்கொண்டார்.

மாடி வீட்டு நர்ஸ் கதவில் காதை வைத்துக் கேட்டார். "குத்துற சத்தம் குறையுது. திருடனா இருந்தாலும் அவனும் மனுஷன்தானே? விறைச்சுச் செத்துடுவான். முதல்ல திறங்க!"

"திறந்தா கத்தியோட பாய்வாம்மா. போலீஸ் வரட்டும்" என்றார் நீலச்சட்டைக்காரர்.

"எதுவா இருந்தாலும் முறைப்படி தீர்மானம் போடணும்" என்று அக்கா மகன் கைப்பேசியை எடுத்தான். 'திருடனை வெளியே விடலாமா?' என்று எழுதினான்.

வாத்தியார் எட்டிப் பார்த்தார். "திருடன்னு போடக் கூடாது தம்பி. இது அழிக்கவே முடியாத பதிவு. 'திருடர் எனக் கருதப்படும் நபர்'னு போடுங்க."

தையல்கடைக்கார அக்காவுக்கு வேறு கவலை. "அதெல்லாம் இருக்கட்டும். உசிரைப் பணயம் வச்சுக் கடையைக் காப்பாத்தின அண்ணனுக்கு ஒண்ணும் செய்ய வேண்டாமா? அதுக்கு முதல்ல ஓட்டுப் போடுங்க. ஒரு நூறு டோக்கனாவது குடுக்கணும்."

நீலச்சட்டைக்காரர் கூச்சத்தோடு கும்பிட்டார். "டோக்கனெல்லாம் எதுக்குங்க? கல்லாவுல இருக்கிறதை ரொக்கமாவே குடுத்துடுங்க, போதும்."

"எவ்வளவு எளிமை பாருங்க!" என்று வாத்தியார் உருகினார்.

அக்கா மகன் தலையைச் சொறிந்தான். "அது புது அடுப்புக்கு வச்சிருக்கிற பணம். பழைய அடுப்பு இந்த மாசம் தாண்டாது. அடுப்பு போச்சுன்னா கடையே போச்சுன்னு மாமா..."

"எதையாவது குடுத்துத் தொலைங்க, கதவைத் திறங்க!" என்று நர்ஸ் கத்திக்கொண்டே தன் ஓட்டையும் போட்டார். வீட்டில் படுத்திருந்த முதலாளிகளும் படபடவென்று போட்டார்கள். ஓர் எதிர்ப்புகூட இல்லாமல் பரிசுத் தீர்மானம் நிறைவேறி, கல்லா தானாகவே திறந்துகொண்டது.

எல்லோரும் கை தட்டினார்கள். பணப்பையை வாங்கிக்கொண்டு, "நானே போய்ப் போலீஸைக் கூட்டிட்டு வரேன்" என்று நீலச்சட்டைக்காரர் கிளம்பினார். தையல்கடைக்கார அக்கா ஓடிப்போய் அவரோடு ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

அதன்பிறகுதான் கதவுத் தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. நன்றி சொல்வதற்குப் பறந்து வந்த ஓட்டுகள் இதற்கு ஆமையாக நகர்ந்தன. கதவைத் திறந்து வைத்தால் கரண்ட் பில் கூடுமா என்று 'பன் பிரியன்' கேட்டிருந்தார். ஐஸ்கிரீம் உருகினால் யார் பொறுப்பு என்று 'கிரீம் ராணி' கேட்டிருந்தார். உள்ளே சத்தம் அடியோடு நின்றுவிட்டது.

நர்ஸ் அக்கா மகனிடம் திரும்பினார். "மெயின் சுவிட்சை அணைச்சா இந்தப் பூட்டு விட்டுடுமா?"

"விட்டுடும். ஆனா அது ஜனநாயகம் இல்லீங்க" என்றான் அக்கா மகன்.

நர்ஸ் அவனைத் தள்ளிவிட்டுப் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். வாத்தியார் உருட்டுக்கட்டையை ஓங்கிக்கொண்டு நிற்க, கதவு மெல்லத் திறந்தது.

மீசையில் பனி பூத்து, உதடு நீலம் பாரித்து, ஏப்ரனோடு வெளியே வந்து விழுந்தவர் பேக்கரிக்காரர்.

"மாமா!" என்று அலறினான் அக்கா மகன்.

நர்ஸ் மாவுச் சாக்கை எடுத்து அவரைப் போர்த்தி, உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்தார். கொஞ்ச நேரத்தில் பேச்சு வந்தது.

"கல்லாவைத் திறடான்னு கழுத்துல கத்தியை வச்சான்டா, ஒரு நீலச்சட்டைக்காரன். என் கையில ஒண்ணுமில்ல, ஊரே ஓட்டுப் போட்டாத்தான் திறக்கும்னு சொன்னேன். கடுப்பாகி என்னை உள்ள தள்ளிட்டான்." பற்கள் கிடுகிடுக்க, பெருமையாகச் சிரித்தார். "சும்மா சொல்லக் கூடாதுடா மருமவனே, உன் பிளாக்செயின் அடுப்புக் காசைக் காப்பாத்திடுச்சு!"

அக்கா மகன் திறந்து கிடந்த கல்லாவைக் காட்டினான்.

"ஏகமனதா குடுத்துட்டோம், மாமா."