இரண்டாவது கிட்டார்

"இதுல ரெண்டு கிட்டார் வருது டாக்டர்."

லிஃப்ட் மெக்கானிக் மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் அறையிலிருந்த மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சனிக்கிழமை மதியம் கிளினிக்கைப் பூட்டியதும், பல் டாக்டரின் வரவேற்பறை பழைய ராக் ரசிகர்களின் சபையாகிவிடும். ஆளுக்கொரு பாட்டு கொண்டுவர வேண்டும். கேட்டு முடித்ததும் வாயாலேயே அடித்துக்கொள்ளலாம். பெரிய குழுக்களுக்கெல்லாம் அவர்களே பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். டாக்டர் தாடிக்காரர்கள் கட்சி. பஸ் டிரைவர் நெட்டையர்கள் கட்சி. கண்ணாடிக் கடைக்காரர், எந்தப் பக்கம் சத்தம் ஜாஸ்தியோ அந்தக் கட்சி.

மெக்கானிக் சபைக்கு வந்து ஒன்றரை மாதம்தான் ஆகிறது.

"எந்த இடத்துல ரெண்டு கிட்டார்?" என்றார் டாக்டர்.

"ரெண்டாவது சரணம் முடிஞ்சதும். நான் வேலை செய்யறப்போ போன்ல கேப்பேன். அந்த இடத்துல இன்னொரு கிட்டார் கூட வரும்."

"போன்லயா?" டாக்டர் சிரித்தார். "போன்ல கேக்கறதெல்லாம் ஒரு கேள்வியா? இந்த செட்டுல முப்பது வருஷமா கேக்கறேன். மொத்தம் ஒரே ஒரு கிட்டார். லிஃப்டு குழிக்குள்ளயே நின்னு நின்னு உன் காதுக்குள்ள எவனோ உக்காந்து வாசிக்கறான்ப்பா."

டிரைவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "நாளைக்கு நாதஸ்வரமும் கேக்குதுன்னு சொல்வாப்ல" என்று எடுத்துக் கொடுத்தார் கடைக்காரர்.

மெக்கானிக் தன் பக்கத்திலிருந்த ஸ்பீக்கரை ஒருமுறை பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

டாக்டர் விடவில்லை. எழுந்தே நின்றுவிட்டார்.

"கேளுப்பா. அந்த எட்டு நொடி அவன் கிட்டார்லேருந்து கையை எடுத்துடறான். டிரம்ஸ் மட்டும் நடக்குது. வேற எவனா இருந்தாலும் அங்க வித்தை காட்டியிருப்பான். இவன் சும்மா இருக்கான். வீட்டுல ஒருத்தர் போயிட்டா அவங்க நாற்காலில யாரும் உக்காரமாட்டோம் பாரு, அந்த மாதிரி அந்த இடத்தைக் காலியா விடறான். ராக்ல சும்மா இருக்கத் தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான்."

நெட்டையர்கள் கட்சி டிரைவர்கூடத் தலையாட்டினார்.

மெக்கானிக் வாயை மூடிக்கொண்டார். "சரிதான் டாக்டர். எனக்குத்தான் தப்பாக் கேட்டிருக்கு" என்றார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

"ரோஷம்" என்றார் டாக்டர். "ஞானம் கம்மியா இருக்கற இடத்துல அதுதான் ஜாஸ்தியா இருக்கும்."

அந்த வாக்கியம் அவருக்கே பிடித்துப்போய் இன்னொரு தடவையும் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து செட்டு மொத்தமாகப் படுத்துவிட்டது. ரிப்பேர்காரர் கிளினிக்குக்கே வந்து எல்லாவற்றையும் கழற்றிப் பரப்பினார்.

"சார், இடது பக்கம் இப்போ போனது. வலது ஸ்பீக்கர் எப்போ போச்சு?"

"அது போகலையே."

"கம்பி அறுந்து கிடக்குது சார். முனையெல்லாம் பச்சையாக் களிம்பு ஏறியிருக்கு. வாங்கின புதுசுலயே அறுந்திருக்கும். வலது பக்கம் மட்டும் வர்ற வாத்தியம் எதுவும் உங்களுக்குக் கேட்டிருக்காது. உங்க நாற்காலி இடது பக்கம் ஒட்டி இருக்கறதுனால தெரியல போல."

இரண்டையும் சரிசெய்து கொடுத்துவிட்டு அவர் போனதும், டாக்டர் அந்தப் பாட்டைப் போட்டார்.

இரண்டாவது சரணம் முடிந்தது. வலது பக்கத்திலிருந்து இன்னொரு கிட்டார் கிளம்பி, எட்டு நொடியையும் இண்டு இடுக்கு விடாமல் வாசித்துத் தள்ளியது.

டாக்டர் பாட்டை நிறுத்தினார். மூன்று நோயாளிகளுக்குப் போன் போட்டு, நாளைக்கு வரச் சொன்னார்.

டாக்டர் தேடிப் போனபோது, மெக்கானிக் ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில், லிஃப்ட் கதவைத் திறந்துவைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் கிரீஸ்.

"ரெண்டு கிட்டார்தான்ப்பா" என்றார் டாக்டர், நின்றபடியே. "என் ஸ்பீக்கர் செத்துக் கிடந்திருக்கு."

"தெரியும் டாக்டர். நான் அந்தப் பக்கம்தானே உக்காருவேன். முதல் வாரமே தெரியும்."

"அப்போ அன்னைக்கே சொல்லித் தொலைக்கறதுதானே? அவ்வளவு கேலி பண்ணினேனே."

"சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள நீங்க அந்தக் காலி நாற்காலியைப் பத்திப் பேசிட்டீங்க. எங்கப்பா போய் நாலு மாசம்தான் ஆயிருந்தது. அந்த ரெண்டாவது கிட்டாரைவிட அது நல்லா இருந்தது டாக்டர். அதைப் போய் எப்படிப் பொய்யாக்கறது?"

"அதுக்காக வராமலேயே இருந்துட்டியா?"

"வந்தா என்னைக்காவது வாய் தவறிடுமே."

டாக்டருக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கழற்றி வைத்திருந்த திருகாணிகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"இந்தச் சனிக்கிழமை வாப்பா. அவங்க முன்னாடியே பாட்டைப் போட்டு, தப்பு என்னோடதுன்னு நானே சொல்லிடறேன்."

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த வாரம் வர்றேன் டாக்டர். இந்த வாரம் வேண்டாம். அவங்க உங்களைப் பார்த்துச் சிரிப்பாங்க. அதைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்க எனக்கு வராது."