நமுத்த வெடி

"எல்லாம் போச்சு, பைரோஜா! ஒத்தப் பைசா மிஞ்சல!"

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றான் முகைதீன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பட்டாசுக் கம்பெனிக்குப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பைரோஜா, புருஷனை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பசைக் கையைப் பழந்துணியில் துடைத்தாள்.

"அங்கனயே நிக்காதீக மச்சான். வந்து உக்காருங்க. சாப்பிட்டீகளா?"

"என்ன ஏதுன்னு கேக்க மாட்டியா?"

"ஷேர்ல போச்சு. அம்புட்டுத்தான? இன்னைக்குப் போனா நாளைக்கு வந்துட்டுப் போகுது."

அவளுக்குப் பதற்றமே இல்லை. பதற வேண்டிய அவசியமும் இல்லை.

நாலு மாதத்துக்கு முன்னாலும் இப்படித்தான் வந்து நின்றான். அன்றைக்குப் போனது, சிவகாசி பஜாரில் அவன் அத்தா வைத்துவிட்டுப் போன காகிதக் கடை. காலையில் வாங்கி மதியமே விற்கிற ஷேர் வியாபாரம் என்று ஆரம்பித்தான். விட்டதைப் பிடிக்கப் போய் இருந்ததையும் விட்ட கதைதான். மிஞ்சியது இந்த வீடு ஒன்று. அதன்மேலும் அவன் கண் விழுவதற்குள் பைரோஜா தன் தம்பி சாபிரிடம் ஓடினாள்.

செல்போன் கடைக்காரனான சாபிர் ஒரு வழி சொன்னான். புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்றே ஓர் ஆப் இருக்கிறதாம். அதில் விலையெல்லாம் நிஜம். பணம் மட்டும் பொய். லாபமும் பொய், நட்டமும் பொய். அதை முகைதீன் போனில் ஏற்றிக் கொடுத்து, "என் பணம் ரெண்டு லட்சம் போட்டிருக்கேன். ஒரு வருசத்துக்கு எடுக்க முடியாது. நீங்க ஏவாரம் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டான்.

வெடி கேட்டு அழுகிற பிள்ளைக்கு நமுத்த வெடியைக் கொடுத்து உட்கார வைப்பதில்லையா, அந்த மாதிரிதான். மூன்று மாதமாக வீட்டில் சத்தமில்லை. அவன் லாபத்தைக் காட்டினால் "மாஷா அல்லாஹ்" என்பாள். கட்டினவனை ஏமாற்றுகிறோமே என்று தொழுகையில் அழுவாள்.

இப்போதும் அவன் தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது அவளுக்குப் பாவமாக இருந்தது.

"ஸ்டாப் லாஸ் போட்டிருந்தேன் புள்ள. இம்புட்டுக்குக் கீழ எறங்குனா அதுவா வித்துரும். கிட்ட வரவும் நாந்தான் எடுத்துவிட்டேன். மூணு மாசமா எத்தன தடவ அப்படி எடுத்துவிட்டு ஜெயிச்சிருக்கேன்! இன்னைக்கு ஏறவே இல்ல. பாதாளத்துக்குப் போயிருச்சு."

"போனாப் போகுது. உசுரா போச்சு? சாபிர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"அவன்கிட்ட எதுக்கு?"

"அவன் பணந்தான போச்சு?"

முகைதீன் விசுக்கென்று நிமிர்ந்தான்.

"அடுத்தவன் காசத் தொலைப்பேனா? இன்னைக்கு அவன் பணத்த நான் தொடவே இல்ல. மூணு மாசமா கை கூடி வருதேங்கிற தைரியத்துல, எம் பேருலயே தனியா ஒரு கணக்கு தொடங்குனேன். இந்த வீட்டுப் பத்திரத்த அடகு வச்சு ஆறு லட்சம் போட்டேன்."

பைரோஜா, ஒட்டி வைத்த பெட்டிகளின் மேலேயே சரிந்து உட்கார்ந்தாள்.

அவள் முகம் போன போக்கைப் பார்த்து, முகைதீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அழாத புள்ள, வீடு எங்கயும் போயிராது. சாபிர் போட்ட பணம் ஏழு லட்சமா வளந்து நிக்கு. அவன் கால்ல விழுந்தாச்சும் அத எடுத்து, வீட்ட மீட்டுருவோம்."