வீட்டுக்குள் வரக்கூடாத பழம்

அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் வாசனை கூடத்துக்கு வந்துவிட்டது. கூடவே நடந்துவிட்டு வந்த மாமியார் கைகால் கழுவக் குளியலறைக்குள் போனதும், அவள் கணவனைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"ஊதுங்க."

ஊதினான். சந்தேகமே இல்லை, இந்த ஊர் முள் பழமான டுரியான்தான்.

"அத்தையை வாக்கிங் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி, அவங்களை பெஞ்சுல உட்கார வெச்சுட்டு, நீங்க மட்டும் பழக்கடைக்குப் போயிருக்கீங்க. அப்படித்தானே?"

அவன் திருட்டு முழி முழித்தான்.

"ஊர்லேருந்து வந்த அன்னைக்கே அத்தை மூக்கைப் பொத்திக்கிட்டு, 'இது வீட்டுக்குள்ள வந்தா அடுத்த பிளேன்ல கெளம்பிடுவேன்'னு சொன்னாங்க. இன்னும் ஒரு மாசம் இருங்கன்னு நான் கெஞ்சிட்டிருக்கேன். இந்தப் பழம் இருக்குன்னுதான் நான் இந்த நாட்டுல காலத்தையே தள்றேன். நானே வாயைக் கட்டிட்டு இருக்கேன், உங்களால முடியாதா?"

"முடியலை," என்றான் பரிதாபமாக.

பின்னால் கனைப்புச் சத்தம் கேட்டது. மாமியார் நின்றிருந்தார். இந்தச் சாயங்கால வேளையில் எதற்கோ பல் துலக்கியிருந்தார். வாயோரம் பேஸ்ட் நுரை.

"மன்னிச்சுக்கங்க அத்தை. இனிமே இவர்…"

"அவனைத் திட்டாதேம்மா." மாமியார் தரையைப் பார்த்தபடி சொன்னார். "பாவம், அவனுக்கு ரெண்டு சுளைதான் கொடுத்தேன்."

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். மாமியார் வாயோர நுரையைத் துடைத்துக்கொண்டார்.

"வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னுதானே சொன்னேன்? நாளைக்கு நீயும் வா. மூணு பேர்னா பெரிய பழமா வாங்கலாம்."