ஆறு விநாடி

குன்றின் மேல் ஒரு நிலநடுக்கமானி இருந்தது. எங்கோ தொலைவில் நிலம் குலுங்கினால், அதிர்வலை பூமிக்குள் புகுந்து அதைத் தேடி வரும். வந்த நேரத்தைக் காகிதத்தில் கீறி வைப்பதுதான் அதன் வேலை. யார் பிந்தி வந்தாலும் அதற்குப் பிடிக்காது.

மேகம்கூட அசையாத ஒரு மதியம், ஓர் அலை ஆறு விநாடி தாமதமாக வந்தது.

"இதுதான் வர்ற நேரமா? எங்கே சுத்திட்டு வர்றே?"

"சுத்தலை, நேராத்தான் வந்தேன்," என்று அலை தள்ளாடியபடி சொன்னது. "மேலோட்டுக்குக் கீழே ஓரிடத்துல பாறை சூட்டுல மெழுகா இளகிக் கிடக்கு. கனவுல ஓடுற மாதிரி, கால் எடுத்து வைக்க வைக்க..."

"சாக்குச் சொல்லாதே! நேத்து வந்தவன் டாண்ணு வந்தானே!"

"அவன் குளிர்ந்த கெட்டிப் பாறை வழியா வந்தவன்."

கருவி விடாமல் திட்டித் தீர்த்தது. ஓய்ந்த பிறகுதான், யாரும் பார்த்திராத இடத்திலிருந்து வந்த அலையாயிற்றே என்று அதற்கு உறைத்தது.

"மெழுகுன்னா சொன்னே? அங்கே வேற என்ன பார்த்தே?"

நிற்கத் தெரியாத அலை எப்போதோ கடந்து போயிருந்தது. அது வரத் தாமதித்த ஆறு விநாடி மட்டும் காகிதத்தில் வெறுங்கோடாகக் கிடந்தது. கருவி அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுவாரம் இன்னோர் அலை சரியான நேரத்துக்கு வந்தது.

"அதுக்குள்ளே வந்துட்டியா?" என்றது கருவி, முகம் வாடி.