ஒரு கீறல்கூட விழாமல்

"அறிவிருக்காடா உஜாங்? வால்வோட மூடினா, போய்ச் சேர்றப்ப உள்ளே தூள்தான் இருக்கும். கழட்டித் தனித்தனியா பஞ்சுல சுத்து!" என்று கத்தினாள் யூனிங்சி.

தம்பி உஜாங் பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தப் பழைய ரேடியோவின் கண்ணாடிக் குழல் வால்வுகளை ஒவ்வொன்றாக உருவினான். பெட்டிக்குள் பெட்டி வைத்து, இடுக்கெல்லாம் தெர்மகோல் அடைத்தான்.

"போதுமாக்கா?"

"குலுக்கிப் பாரு. ஆடுதே! இன்னும் அடை. மேல மரச்சட்டமும் அடிச்சிடு."

"பாண்டுங்ல இருந்து செமாராங் போறதுக்கு மரச்சட்டமா? வாங்குறவன் என்ன பெரிய சுல்தானா?"

"சொன்னதைச் செய்டா!"

இருக்கிற எரிச்சலையெல்லாம் சுத்தியலில் காட்டிச் சட்டத்தை அடித்து முடித்தான். அக்கா நீட்டிய விலாசச் சீட்டை ஒட்டப்போனவனின் கை அப்படியே நின்றது.

"அக்கா, இது கோசாசி பேரு! உன்னை விட்டுட்டு இன்னொருத்தியோட போனவனுக்கா இவ்வளவு சீராட்டு? போட்டு மிதிச்சில்ல அனுப்பணும்!"

"மிதிச்சு அனுப்பினா, அதையே சாக்கா வச்சு இங்க வந்து நிப்பான். இந்த வீட்ல அவன் பொருள்னு மிச்சம் இருந்தது இது ஒண்ணுதான். இனி அவன் இந்த வாசலை மிதிக்க ஒரு காரணமும் இருக்கக்கூடாது."

உஜாங் மறுபடியும் சுத்தியலை எடுத்தான்.

"இன்னும் நாலு ஆணி அடிச்சிடுறேன்க்கா."