மூடிய டப்பா

"ஓநாய்க் குட்டிய வளக்கிறீகளாமே. தெருவே மனு எழுதிக் கொடுத்திருக்கு," என்றார் கம்பத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்த வனக்காவலர் விஜயகுமார்.

"நாய்க்குட்டி சார். திராட்சைத் தோட்டத்துல கெடந்துச்சு. புட்டிப்பால் கொடுத்து வளத்தேன்," என்றார் கட்டிலில் உட்கார்ந்திருந்த சுருளி. ஓநாய் என்று முடிவானால் கொண்டுபோய்விடுவார்கள். மனைவி சங்கிலியம்மாள் தோட்ட வேலைக்குப் போனபின், பகலெல்லாம் அவருக்குத் துணை அதுதான்.

"சோதிச்சிருவோம். கறித்துண்ட டப்பாவுல போட்டு மூடுறேன். ஓநாய்னா கடைசிவரைக்கும் தானே மல்லுக்கட்டும். நாய் பல்லாயிரம் வருசமா மனுசனோட பழகுனது. முடியலைன்னா வளத்தவுக மூஞ்சியப் பாக்கும்."

டப்பா தரையில் உருண்டது. நகங்கள் பிறாண்டின, பற்கள் தகரத்தில் நறநறத்தன. சுருளி காது கொடுத்துக் காத்திருந்தார்.

"பத்து நிமிசமாச்சு. ஒரு தடவகூட உங்கள ஏறெடுத்துப் பாக்கலையே," என்று விஜயகுமார் காகிதத்தை எடுத்தார்.

பிறாண்டல் நின்றது. சுருளியின் உள்ளங்கைக்குள் ஈரமான மூக்கு நுழைந்தது. குட்டி அவர் விரலைப் பல் படாமல் கவ்வி, டப்பா இருந்த பக்கம் இழுத்தது.

"உதவி கேக்குதே. பெறகு ஏன் மூஞ்சியப் பாக்கல?"

சுருளி சிரித்தார். "பாத்துப் பாத்துச் சலிச்சிருக்கும் சார். எனக்குப் பிறவியிலயே கண்ணு தெரியாது."

அவர் டப்பாவைத் தடவித் திறக்கும்வரை பேனா கீறும் சத்தம் மட்டும் கேட்டது.

"எழுதிட்டேன், வாசிக்கிறேன் கேளுங்க," என்றார் விஜயகுமார். "நேரில் சோதித்ததில் நாய் எனத் தெரிகிறது. வளர்ப்பவரை நன்கு அறிந்த நாய்."